மேடத்துக்கு ஊர் காட்டியது

நீல டி-ஷர்ட் இடது பக்கம் திரும்பியது. இளங்கோவனும் திரும்பினான். அவனுக்குப் பின்னால் ரானடே மேடம் திரும்பினார்.

"இது பழைய தெரு, மேடம்" என்றான்.

"எவ்வளவு பழையது?"

"ரொம்ப."

இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். இளங்கோவனிடம் அது ஆலைக்குப் போதுமான அளவு இருந்தது. சோழர்களைப் பற்றிச் சொல்லப் போதவில்லை.

ரானடே மேடம் புனேக்காரர். ஒரகடத்தில் இளங்கோவன் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து உதிரிபாகங்கள் வாங்கும் கம்பெனி, தரம் பார்க்க அவரை அனுப்பியிருந்தது. வந்து ஒரு மாதமாகிறது. வாரத்துக்கு ஒரு லைன் பார்த்தார். இது இளங்கோவனின் வாரம். அவன் லைன் தேறினால் புது ஆர்டர் வரும். தேறாவிட்டால் மூன்றாவது ஷிப்ட் நிற்கும். மூன்றாவது ஷிப்டில் இருப்பவர்கள் ஒப்பந்த ஆட்கள். அவர்களில் ஒருவன் சுபாஷ், இளங்கோவனின் மனைவி அலமுவின் தம்பி.

அலமு கணவனை எதற்கும் வற்புறுத்துகிறவள் அல்ல. "அவனுக்கு வேல போச்சின்னா நம்ம வூட்லதான் வந்து கெடப்பான், பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் நம்பிராஜன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடத்துக்குப் பழைய ஊரு, மலை, இதெல்லாம் நடந்து பாக்கறதுன்னா உசுரு. நீ குன்றத்தூர் தானேப்பா?"

"பொறந்ததே அங்கதான் சார்."

"ஞாயித்துக்கிழம இட்டுக்கினு போய்க் காட்டு. மத்த லைன் சூப்பர்வைசருங்க காதுக்குப் போக வேணாம்."

இளங்கோவன் பிறந்தது வடக்குப்பட்டு. குன்றத்தூருக்கு வாடகைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விடியுமுன் கம்பெனி பஸ், இருட்டிய பின் கம்பெனி பஸ். பஸ் நிற்கும் இடம், வீடு, மளிகைக் கடை மூன்றும் தெரியும். மலைக்கோயில் மொட்டைமாடியிலிருந்து தெரியும். எந்தத் தெரு வழியாகப் போனால் அது வரும் என்பது தெரியாது.

ஆனால் தரம் பார்க்க வரும் ஆடிட்டை எப்படிச் சமாளிப்பது என்று தெரியும். ஆலையில் ஆடிட் வந்தால் முன்னால் ஓர் ஆள் நடப்பான். தரையில் கிடக்கும் திருகை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வான். கதவைத் திறந்து வைப்பான். வந்திருப்பவர் அவனைக் கவனிக்க மாட்டார். எல்லாம் தானாக நடப்பதாக நினைத்துக்கொள்வார்.

சுபாஷ் படப்பையில் அறை எடுத்திருந்தாலும் குன்றத்தூர்த் தெருக்கள் அவனுக்கு அத்துபடி. அவன் முன்னால் நடப்பது, இளங்கோவன் பின்தொடர்வது என்று ஏற்பாடு. கூட்டத்தில் தவறவிடாமல் இருக்க, ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்த நீல டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வரும்படி இளங்கோவன் அவனிடம் சொல்லியிருந்தான். அதைக் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்தது என்பதை அவன் யோசிக்கவில்லை.

நீல டி-ஷர்ட் இப்போது ஒரு சந்துக்குள் நுழைந்தது.

"மேடம், இந்தப் பக்கம்."

"நிச்சயமாகவா?"

"நான் இங்கேயே பிறந்தவன், மேடம்."

சந்தின் முடிவில் ஒரு தகரக் கதவு. நீல டி-ஷர்ட் அதைத் திறந்துகொண்டு உள்ளே போனது. இவர்களும் போனார்கள். உள்ளே அந்த ஆள் டி-ஷர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். வழுக்கையும் நரைத்த மார்பு முடியுமாக, ஐம்பது வயது மனிதர்.

"இன்னாபா, யாரு வேணும்?"

"ஊரு பாக்க வந்தோம்ணா."

"எங்க வூட்டயா?"

அவர் மனைவி மரகதம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருங்க, கரண்ட் ஆபீசா?"

"ஊரு பாக்க வந்துக்கிறாங்களாம்."

"வூடு பெருக்கக்கூட இல்லையே. முன்னாடியே சொல்லக்கூடாதா?"

அந்த ஆள் இளங்கோவனை உற்றுப் பார்த்தார். "நீ அசெம்பிளி லைன் தானே? கேன்டீன்ல பாத்துக்கிறேன். நானு பிரஸ் ஷாப்பு. பலராமன்."

ரானடே மேடம் கொடியில் தொங்கிய டி-ஷர்ட்டையும் துவைக்கும் கல்லையும் பார்த்தார். "இது எனக்குப் புதிது" என்றார்.

"இல்லை மேடம், இதுவும் பழையதுதான்" என்றான் இளங்கோவன்.

மரகதம் மோர் கொடுத்தாள். மேடம் முழுவதும் குடித்தார். இளங்கோவன் போனை எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தான்.

"எங்கடா கீற?"

"மலை அடிவாரத்துல கீறன் மாமா. நீ பின்னாலயே வரேன்னு பாத்தா காணோம்."

"வேற ஒருத்தன் பின்னால பூட்டேன். கோயில் பக்கத்துல மெயின் ரோட்டு முனை கீதே, அங்க வந்து நில்லு. எங்களப் பாத்ததும் கைய தூக்கு. வேற எதுவும் செய்யாத."

"சரி மாமா."

பலராமனிடம் மெயின் ரோட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். முனையில் சுபாஷ் நின்றிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். அவன் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

டிரைவர் ஏதோ சொன்னார். சுபாஷ் தலையை ஆட்டி மறுத்தான். டிரைவர் குரலை உயர்த்தினார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. உள்ளே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். சுபாஷ் இளங்கோவனைப் பார்த்தான். இளங்கோவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். போய் வா என்று அதைப் புரிந்துகொண்டு சுபாஷ் ஏறினான். ஆட்டோ போய்விட்டது.

"உங்களுக்குத் தெரிந்தவரா?" என்றார் மேடம்.

"இல்லை. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கை காட்டுவார்கள்."

போன் அடித்தது.

"மாமா, கை காட்டி நிறுத்திட்டு ஏறாம நின்னா என்னான்னு அந்தாளு கேக்கறான் மாமா. எல்லாரும் என்னியே பாக்கறாங்க."

"எறங்கித் தொலையேன்டா."

"கோவூர் தாண்டித்தான் நிறுத்துவேன்றான் மாமா."

இளங்கோவன் போனைப் பைக்குள் போட்டான். முனையில் ஒரு டீக்கடை இருந்தது. யோசிக்க நேரம் வேண்டும். "டீ குடிக்கலாம், மேடம்."

டீக்கடைக்காரர் அவனிடம் கேட்டுச் சர்க்கரை போட்டார். மேடத்துக்குக் கேட்காமலே சர்க்கரையில்லாத டீயை நீட்டினார். மேடம் வாங்கிக்கொண்டு தலையசைத்தார். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரில் மரியாதைதான் என்று இளங்கோவன் நினைத்துக்கொண்டான்.

டீ முடிந்ததும் எதிரே இரண்டு தெருக்கள் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. மலை எங்கேயோ வீடுகளுக்குப் பின்னால் போய்விட்டது. இளங்கோவன் வலதுபுறத் தெருவை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"இடது பக்கம் போனால் என்ன?" என்றார் மேடம்.

"போகலாம். அதுவும் நல்ல தெருதான்."

தெரு முடிவில் மலைப்படிகள் வந்தன. முருகா என்று இளங்கோவன் மனதுக்குள் சொன்னான். அவன் வேண்டிக்கொண்டது இவ்வளவு சீக்கிரம் எப்போதும் நடந்ததில்லை.

படிக்குக் கீழே சந்திரம்மாள் என்ற அம்மாள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டாள். பெயர் பலகையில் பெயிண்டால் எழுதியிருந்தது. அவனுடைய செருப்புக்கு டோக்கன் கொடுத்தாள். மேடத்தின் செருப்பை வாங்கித் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். டோக்கன் கொடுக்கவில்லை. கேட்கலாம் என்று நினைத்தான். மேடம் அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தார்.

பாதி வழியில் இளங்கோவனுக்கு மூச்சு வாங்கியது. மேடம் ஒரு மண்டபத்து நிழலில் நின்று காத்திருந்தார்.

"இது யார் கட்டியது?"

"சோழர்கள், மேடம். ஆயிரம் வருடம்."

மேடம் தூணைப் பார்த்தார். உபயம் என்று எழுதி அதன் கீழே 1994 என்றிருந்தது.

"ரிப்பேர் செய்த வருடம்" என்றான் இளங்கோவன்.

மேடம் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனிடம் கொடுத்தார். குடித்தான். பிறகுதான் விருந்தாளிக்குத் தான் ஒரு பாட்டில்கூட வாங்கி வரவில்லை என்பது உறைத்தது.

மேலே சாமி கும்பிட்டார்கள். சுபாஷ் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தான். நட்சத்திரம் தெரியவில்லை. வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னான். வெளியே வந்தபோது காற்று அடித்தது. கீழே கூரைகள், தென்னைகள், தூரத்தில் ஏரி.

"ஒரகடம் எந்தப் பக்கம்?" என்றார் மேடம்.

இளங்கோவன் தயங்காமல் கை நீட்டினான்.

மேடம் சற்று நேரம் அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு நேர் எதிர்த் திசையைக் காட்டினார். "அது இந்தப் பக்கம் என்று நினைத்தேன்."

"அந்தப் பக்கமும் இருக்கிறது, மேடம். பெரிய ஏரியா."

மேடம் சிரித்தார். இளங்கோவன் நீட்டிய கையை இறக்கினான். இனி மறைத்துப் பயனில்லை. சுபாஷ் வந்து வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பது கண்ணில் தெரிந்தது.

"மேடம், என் லைன்..."

"உங்கள் லைன் நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமையே புனேவுக்குச் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஷிப்டும் சேர்த்துத்தான். திங்கட்கிழமை நம்பிராஜன் சொல்வார்."

"வியாழக்கிழமையா?"

"ஆமாம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிம்மதியாக இறங்குங்கள். இந்த இடத்தில் படி வழுக்கும்."

உண்மையிலேயே வழுக்கியது. இளங்கோவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுபாஷுக்குப் போன் செய்தான்.

"டேய், உன் வேல நின்னுச்சிடா."

"அய்யோ, போச்சா மாமா?"

"போகலடா. நெலச்சிடுச்சி. எங்க கீற?"

"போரூர்ல. திரும்பி வர ஆட்டோவுக்குக் கை காட்டிக்கினு கீறன், ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

இளங்கோவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். ஒரு தெருவும் தெரியாமல் ஓர் ஊரையே காட்டி முடித்தாகிவிட்டது. மேடம் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த ஆடிட்டுக்கும் நம்பிராஜன் தன்னைத்தான் கூப்பிடுவார் என்று தோன்றியது.

கீழே வந்து டோக்கனை நீட்டினான். சந்திரம்மாள் அவன் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டாள். மேடத்தின் செருப்பை ஸ்டூலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்துக் காலருகில் வைத்தாள். பிறகு இளங்கோவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா தம்பி, நீயும் வெளியூரா? பாவம் இந்தம்மா, ஞாயித்துக்கிழம ஆனா போதும், உங்க கம்பெனில ஊரு தெரியாத எவனயாவது ஒருத்தன இட்டாந்து சுத்திக் காட்டிக்கினு கீது."