அரைப்பும் அரப்பும்

பசியை நன்றாக அறிந்தவனுக்குச் சமையலும் தெரிந்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பசியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடி, கொழும்பில் மூட்டை தூக்கி, ரங்கூனில் எச்சில் இலை எடுத்து, சத்திரம், ரயிலடி என்று கிடைத்த இடத்தில் சாப்பிட்டவன் நான். கிடைக்காத நாட்களில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறேன். ஆனால் சோறு எப்படி உண்டாகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது வாளியில் வரும். நாம் இலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவனுக்கும் மதுரையில் ஒரு மரக்கடையில் வேலை கிடைத்தது. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து பொன்னு என்று ஒரு பெண்ணும் கிடைத்தாள். அவளுடைய அண்ணன் வீரணனுக்கு மட்டும் இந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லை. ஓடுகாலிக்குக் குடும்பம் எதற்கு என்பது அவர் கேள்வி. (நியாயமான கேள்விதான்.)

கோரிப்பாளையத்தில் ஓர் ஒண்டுக்குடித்தனம். யுத்த காலம். கல்யாணமான வருஷமே பொன்னுவுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு ஏறும் முறைக்காய்ச்சல் வந்தது. செய்தி ஊருக்குப் போனது. சனிக்கிழமை வண்டி கட்டி வருவதாகவும், தங்கச்சியைக் கவனிக்க ஆளில்லை என்று கண்டால் அன்றே ஏற்றிக்கொண்டு போய்விடுவதாகவும் வீரணன் சொல்லியனுப்பினார். போனால் திரும்ப அனுப்பமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே அன்று நான் சமைத்துக் காட்டியாக வேண்டும்.

காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே பொன்னு எழுந்து பாதி வேலையை முடித்துவிட்டாள். மிளகாய், மல்லி, சீரகத்தை அம்மியில் அரைத்து ஒரு மண்சட்டியில் வைத்தாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் அண்ணன் சாப்பிடமாட்டார் என்பதால், தலைக்குத் தேய்க்கும் உசிலை இலைத் தூளையும் இன்னொரு மண்சட்டியில் ஊறவைத்தாள். பிறகு குளிர் வந்து, வீட்டிலிருந்த துணி அனைத்தையும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். குழம்புக்கு அரைத்த மசாலாவுக்கு அரைப்பு என்று பெயர். உசிலைத் தூளுக்கு அரப்பு என்று பெயர். எழுதினால் ஓர் எழுத்து வித்தியாசம். எங்கள் ஊர்ப் பேச்சில் அதுவும் கிடையாது.

"புளித்தண்ணி கொதிச்சதும் அரப்ப ஊத்துங்க" என்றாள் பொன்னு, போர்வைக்குள்ளிருந்து.

"எம்புட்டு?"

"இருக்கதெல்லாம்."

சமையலறையில் ஜன்னல் இல்லை. ஈர விறகு புகைந்ததில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. கையில் முதலில் பட்ட சட்டியை எடுத்துக் கவிழ்த்தேன். குழம்பு நுரைத்தது. கரண்டியால் நுரையை அள்ளி வெளியே போட்டேன். போடப் போட வந்தது. நிறம் பச்சையாக இருந்தது. கத்தரிக்காய் சாயம் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (நான் நறுக்கியது ஊதாக் கத்தரிக்காய்.) ருசி பார்க்கவில்லை. விருந்தாளிக்கு முன்னால் நாம் வாயில் வைப்பது மரியாதை இல்லையே.

வீரணன் வந்து மாடுகளை அவிழ்த்துக் கட்டினார். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தது. நோயாளி படுப்பதற்கு. அடுப்பில் சோறும் குழம்பும் இருப்பதைப் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கொல்லைக் கிணற்றடியில் போய் உட்கார்ந்து, தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அரப்பு கேட்டார்.

பொன்னுவிடம் போய்க் கேட்டேன். சட்டியில் இருக்கிறது என்று முனகினாள். மிச்சம் ஒரே ஒரு சட்டிதான் இருந்தது. ஒன்று குழம்புக்கு, ஒன்று தலைக்கு. சரியாகத்தான் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் அள்ளி அப்பிப் பரபரவென்று தேய்த்தார்.

"என்ன மாப்ள, மல்லி வாசமா அடிக்குது?"

"டவுன் அரப்பு, மச்சான்" என்றேன்.

அவர் ஜல்லிக்கட்டில் மாடு பிடிப்பவர். தொடையில் கொம்பு இறங்கியபோதுகூட ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஊரில் சொல்வார்கள். முதல் சொம்புத் தண்ணீர் தலையிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோவணத்தோடு எழுந்து, வீட்டுக்குள் புகுந்து, வாசல் வழியாக வெளியேறி, வைகையைப் பார்த்து ஓடினார். மூடிய கண்ணோடு திசை பிசகாமல் எப்படி ஓடினார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. பின்னால் நான் சொம்போடு ஓடினேன். எதிரே வந்த ஒருவர், அண்ணன் எதற்கு ஓடுகிறார் என்று விசாரித்தார். குளிக்கிறார் என்றேன்.

ஆற்று நீரில் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்திருந்தவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தபோது, பொன்னு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். குழம்பையும் காலிச் சட்டிகளையும் முகர்ந்து பார்த்திருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, ஒன் தலையில இருக்கது கொழம்பு. ஒனக்கு எலையில ஊத்த வச்சிருக்கது அரப்பு."

வண்டி ஓட்டக் கண் வேண்டும். அவருக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. பொன்னுவின் பாய்க்கு எதிர்ச் சுவரோரம் அவருக்கும் ஒரு பாய் விரித்தேன். மரக்கடைக்குப் போகாமல் இருவருக்கும் கஞ்சி காய்ச்சினேன். அரைப்பு சேராத சமையல் அது ஒன்றுதான். முதலில் அடிப்பிடித்தது. அடுத்து உப்பு மறந்தது. பிறகு கஞ்சி கஞ்சியாகவே வந்தது. அவள் நெற்றிக்கும் அவர் கண்ணுக்கும் ஈரத்துணி மாற்றினேன். வண்டியில் பரப்பியிருந்த வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கி மாடுகளுக்குப் போட்டேன். ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது, கண்ணும் திறந்தது. அப்போது வண்டியில் பலகைதான் மிச்சம்.

வீரணன் மாடுகளைப் பூட்டினார். யாரை ஏறச் சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஜமுக்காளத்தை மடித்துத் தங்கச்சி கையில் கொடுத்தார்.

"நீ இங்கனயே இரு, தாயி. இவன் ஓடிருவான்னு நெனச்சேன். ஓடுனது நாந்தான்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், இலையில் கைவைக்கும் முன் என்னைப் பார்த்து, "மாப்ள, இது தலைக்கா, எலைக்கா?" என்று கேட்பார். அவர் பிள்ளைகளும் கேட்டார்கள். என் பிள்ளைகளும் கேட்டார்கள். என் மகள் கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியோடு வந்த பையனிடமும் கிழவர் அதையே கேட்டார். பையன் விழித்தான். பக்கத்திலிருந்த சம்பந்தி என்ன விஷயம் என்று விசாரித்தார். பொன்னு முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் ரசத்துக்குக் கை நீட்டினேன்.