சரசக்கா உட்காருவதற்கு ஒரு பெஞ்சு

கோயம்புத்தூரில் ஆளைப் பார்த்ததும் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்காத ஒரே ஜீவன் எங்கள் மில்லிமீட்டர்தான். “ரெண்டு மில்லி எளச்சுட்டீங்களேங்க” என்பார். பம்ப்செட் கம்பெனியில் ஆயுசு பூராவும் லேத் ஓட்டியவர். ரிட்டயரான பிறகும் சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். வடையைக்கூடக் கனம் அளந்துதான் கடிப்பார். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே அவருடைய நிஜப் பேர் தெரியாது.

அவர் சம்சாரம் சரசக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. இனிமேல் உட்கார்ந்துதான் சாப்பிடணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவோ கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு மேடையில் தட்டை வைத்து, நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவர்.

“நான் உக்கோந்துட்டா ஊறுகா, நெய்யெல்லாம் ஆருங்க எடுத்தாரது? எந்திரிச்சு எந்திரிச்சு உக்கோர்றதுக்கு நின்னுக்கறதே தேவல.”

மில்லிமீட்டருக்குச் சுருக்கென்றது. ஒரு வேளைச் சோற்றுக்குள் அக்கா தட்டை விட்டு எத்தனை தடவை நகர்கிறார் என்று எண்ணினார். பதினொன்று. மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

“ஏனுங்க, சமையக்கட்டு மூலைல சாப்பாட்டு டேபிளுக்கு ஒரு பெஞ்சு போடறனுங்க. உள்ளார பூராவும் பொட்டி. டேபிள்ல மூணு தட்டு வெச்சாலே எடமில்ல, அதனால நெய்யி, பொடியெல்லாம் பெஞ்சுக்குள்ள. அவ எந்திரிக்கவே வேண்டியதில்ல. போட்டே தீருவனுங்க!”

“ஆசாரியக் கூப்பிடலாமுல்லங்க?”

“அவரு இழுக்கற பென்சில் கோடே ஒரு மில்லி கனமுங்க. அதுல எந்த ஓரத்துல அறுப்பாருன்னு ஆரு கண்டா?”

முதலில் உயரம். என் கதைகள் வந்த பழைய வார இதழ்களைக் கட்டோடு வாங்கிப்போய் ஸ்டூல்மேல் அடுக்கி அக்காவை உட்காரவைத்தார். வலிக்காமல் எழ வருகிற வரைக்கும் ஒவ்வொரு இதழாக வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். என் எழுத்து ஒருவருக்கு இவ்வளவு ஆறுதலாக இருந்தது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

“நானென்ன பம்ப்செட்டாங்க? அடுப்புல பாலு பொங்குது!”

“இன்னும் ஒரே ஒரு புஸ்தகம் அம்மணி, அசையாத.”

ஒரு மாசம் தேக்குப் பலகையை இழைத்தார். தெருவே தும்மியது. சமையலறைச் சுவர் நாலு மில்லி சாய்வு என்று, வீடு கட்டிய மேஸ்திரியைத் தேடிப்போய்ச் சண்டை போட்டார். வீடு கட்டி இருபது வருசமாகிவிட்டது, பாவம் அந்த மேஸ்திரி.

பெஞ்சு முடிந்த அன்று எனக்கும் விருந்து. இருவர் உட்காரும் நீளம். உட்காரும் பலகைதான் மூடி, ஒரே பலகை. அக்கா தயங்கித் தயங்கி உட்கார்ந்தார், பக்கத்தில் மில்லிமீட்டர். உயரம் அப்படியே பொருந்தியது. மில்லிமீட்டருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எதிரே நாற்காலியில் இருந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “கொஞ்சம் நெய்” என்றேன்.

நெய் சரசக்காவுக்கு நேர் கீழே இருந்தது. அக்கா எழுந்தார். ஒரே பலகையாச்சே, மில்லிமீட்டரும் எழுந்தார். மூடி திறந்தது. மூவரும் உள்ளே பார்த்தோம்.

“அடக் கெரகமே!” அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. “மில்லியெல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது!”

“முன்னால டிராயர் வெச்சுருங்க” என்றேன்.

“இழுத்தா டேபிள் கால் இடிக்குமுங்க” என்றார். பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிட்டார்.

மறுநாள் காலை ரம்பச் சத்தம். ஓடினேன். மாசம் பூராவும் இழைத்த பலகையை நடுவில் அறுத்துக்கொண்டிருந்தார். காலிப்பரைக் காணோம், கோடுகூடப் போடவில்லை.

“அளக்கலீங்களா?”

“அளக்க நேரமில்லீங்க. காலைல மறுக்கா நின்னுட்டே இட்லி தின்னுபோட்டா. மத்தியானத்துக்குள்ள முடிக்கோணும்.”

அக்கா உட்காரும் பாதிப் பலகையை மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். சாமானையெல்லாம் தன் பக்கத்துக்கு மாற்றினார்.

போன வாரம் அங்கே சாப்பிட்டேன். அந்த வெட்டு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. மில்லிமீட்டர் ஊறுகாய்க்கு எழுந்தார், பொடிக்கு எழுந்தார், நெய்க்கு எழுந்தார். சரசக்கா ஆற அமர ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இதோட எத்தனை தடவைங்க?” என்று கேட்டேன்.

“அதையெல்லாம் ஆருங்க எண்ணறது?” என்றார் மில்லிமீட்டர்.

எனக்கு நெய் போதும்தான். ஆனாலும் இன்னொரு தடவை கேட்டேன். அந்த மனுசன் எழுந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.