எந்தக் குட்டை என்று கேட்கக் கூடாது

"ஒரே நாளில ஏழு பொம்பிளையளை உள்ளுக்கு விட்டிருக்கிறீர். கொஞ்சமாவது யோசிச்சனீரா?"

"வாசல்ல வந்து நிக்கிறவங்கள எப்படிங்க ஐயா போன்னு சொல்றது?"

"அதுக்கு ஏழு பேரையுமோ?"

அடுப்படியில் சம்பல் கிண்டிக்கொண்டிருந்த துளசி நெருப்பை அணைத்தாள். கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். அவள் புருஷன் தேவன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கைத்தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது.

"யாருங்க அந்த ஏழு பேரு?"

"ஃபேஸ்புக்ல லா," என்றார் தேவன். "மீன் பிடிக்கிற குரூப்புல."

"அதில ஒருத்தி மூட்டு வலிக்கு ஜெல் விக்கிறாள்," என்றது ஸ்பீக்கர். "மற்றவள் கறுப்புக் கண்ணாடி. எங்கட குரூப்பில ரெண்டு நாளாய் ஒரு மீன் படம் இல்லை."

தேவனுக்கு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு டயர் கடையில் வேலை. வயது ஐம்பத்து மூன்று. மூன்று வருஷத்துக்கு முன் 'பேராக் தூண்டில் நண்பர்கள்' என்று ஒரு குரூப் தொடங்கினார். ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டைகளில் தூண்டில் போடுகிறவர்கள் தாங்கள் பிடித்ததைக் காட்டிப் பெருமைப்பட ஓர் இடம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஸ்பீக்கரில் பேசிய ஐயாத்துரை இன்னோர் அட்மின். பத்து காஜா ஊரில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபாரம் நிரப்பாத மனிதனை அவர் மனிதனாகவே எண்ணியதில்லை.

தேவன் அப்படி இல்லை. சேரக் கேட்ட எல்லாரையும் சேர்த்துக்கொள்வார். அதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு பெரிய தூண்டில் குரூப்பில் சேரக் கேட்டு, நாலு மாதம் பதிலே வராமல் இருந்தவர் அவர். கல்யாண வீட்டு வாசலில் 'வாங்க' என்று ஒருவரும் சொல்லாமல் நிற்பது போல இருந்தது என்று இன்றைக்கும் சொல்வார்.

இன்னொன்றும் இருந்தது. நாலு வாரத்தில் பத்து காஜா பக்கம் ஒரு குட்டையில் குரூப்பின் முதல் ஒன்றுகூடல். இருபது பேராவது வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று குட்டையின் முதலாளியான சீனத் தவுக்கே சொல்லியிருந்தார். தேவனுக்குக் குரூப்பில் உள்ள மீன்களையெல்லாம் தெரியும். பிடித்த ஆட்களைத்தான் தெரியாது. ஒரு தடவையாவது அவர்களைப் பார்த்துவிட வேண்டும்.

"ஏங்க, நான் ஒரு குரூப்புல சேரணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டாள் துளசி.

"உனக்கு எதுக்கு? சமையல் குரூப்பா?"

துளசி அடுப்படிக்குத் திரும்பினாள். போய் நெருப்பை மூட்டினாள்.

ஐயாத்துரை அன்றைக்கே முதல் சட்டத்தைப் போட்டார். சொந்த முகம் தெரியும் படம் இல்லாதவருக்கு அனுமதி இல்லை.

அந்த வாரம் பதினோரு பேர் சேரக் கேட்டார்கள். ஒருவர் முனீஸ்வரர். ஒருவர் ரோஜாப்பூ. ஒருவர் தொட்டிலில் தூங்கும் பேரப்பிள்ளை. 'வேலும் மயிலும்' என்ற பெயரில் வந்தவருக்குப் படமும் வேலும் மயிலும்தான். ஏழு பேர் இப்படிப் போனார்கள். மிச்சம் நாலு பேருக்கு முகம் அவ்வளவு தெளிவு. பல்லை எண்ணிவிடலாம்.

"பாத்தீரே? ஒளிக்க ஒண்டுமில்லாதவன் முகத்தைக் காட்டுவான்," என்றார் ஐயாத்துரை.

மறுநாள் அந்த நாலு பேரும் சேர்ந்து குரூப்பில் பதினாறு விளம்பரம் போட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. சட்டம் என்றால் பழைய ஆட்களுக்கும் சட்டம்தான் என்று ஐயாத்துரை முகமில்லாத எண்பது பேரை வெளியே அனுப்பினார். அதில் பத்துமலையும் ஒருவர். தேவனோடு இருபது வருஷமாகத் தூண்டில் போடுகிறவர். படத்தில் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள்தான் இருந்தது.

"மச்சான், நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?" என்று போன் செய்தார் பத்துமலை.

"எனக்குத் தெரியும்டா. ரூலுக்குத் தெரியல."

"அப்ப ரூலையே கூப்புட்டுக்கிட்டு மீன் பிடிக்கப் போ லா."

தேவனுக்கு மனசு கேட்கவில்லை. முகத்தை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்கலாம் என்றார். தூண்டில்காரனுக்கு மட்டும் தெரிந்த கேள்வியாக இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் யோசித்து எழுதினார்கள்: 'நீங்கள் எந்தக் குட்டையில் மீன் பிடிக்கிறீர்கள்?' பழைய ஆட்களும் பதில் எழுத வேண்டும் என்றார் ஐயாத்துரை.

இங்கேதான் தப்பு நடந்தது. பேராக்கில் தூண்டில் போடுகிறவனிடம் சம்பளத்தைக் கேட்கலாம், வியாதியைக் கேட்கலாம். எந்தக் குட்டை என்று மட்டும் கேட்கக் கூடாது. கூடப் பிறந்த அண்ணனுக்கே சொல்ல மாட்டான். இது தேவனுக்கும் தெரியும். கேட்கிற பக்கம் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

பதில்கள் வந்தன.

'சும்மா பக்கத்துலதான்.'

'தண்ணி இருக்கிற இடத்துல.'

'சும்மா பக்கத்துலதான் அண்ணே.'

வேலும் மயிலும் மறுபடி வந்திருந்தார். 'சொன்னா நாளைக்கு நீங்க அங்க உக்காந்திருப்பீங்க' என்று எழுதியிருந்தார்.

தேவன் சிரித்துவிட்டார். "இவரு நம்ம ஆளு ஐயா."

"கேள்விக்கு விடை இல்லை. நிராகரிக்க வேண்டியதுதான்."

ஜெல் விற்கிறவர்கள் ஒருவர் விடாமல் பதில் எழுதினார்கள். ஒருவர் 'குளம், பேராக், மலேசியா' என்று எழுதி அஞ்சல் குறியீடும் போட்டிருந்தார். ஐயாத்துரைக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பழைய ஆட்களில் பதினெட்டுப் பேர் மட்டும் ஒரு குட்டையின் பெயரை எழுதினார்கள். பதினெட்டும் ஒரே பெயர். அவ்வளவு பேர் போகிற குட்டையில் ஏதோ இருக்க வேண்டும் என்று ஐயாத்துரை சனிக்கிழமை காலையில் இரண்டு தூண்டிலும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு போனார்.

"தேவன், இங்க குட்டையைக் காணேல்லை."

"என்ன இருக்கு?"

"வரிசை வீடுகள். ஒரு பாலர் பள்ளி. கேட்டால், குட்டையை மூடி ஆறு வருசமாம்."

அன்று மத்தியானம் துளசி தொமான் மீன் குழம்பு வைத்திருந்தாள். தேவன் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். தொமானைத் தூண்டிலில் இழுப்பதற்கே தனித் தில் வேண்டும். அவர் பிடித்து நாலு மாதம் ஆகியிருந்தது. தூண்டில் எடுத்தே நாலு மாதம். குரூப்பைக் காவல் காக்கவே நேரம் போதவில்லை.

"பாசார்ல தொமான்லாம் போடுறானா இப்ப?"

"கெடைக்கிற எடத்துல கெடைக்கும்," என்றாள் துளசி. "முள்ளு இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க."

அன்று சாயங்காலம் தேவனுக்கு ஆவல் தாங்கவில்லை. 'வேலும் மயிலும்' என்பவருக்கே ஒரு செய்தி அனுப்பினார். 'நீங்கள் யார்?'

'மீன் பிடிக்கிற ஆளு' என்று உடனே பதில் வந்தது.

'ஆணா பெண்ணா?'

'மீனுக்கு அது தெரியாது.'

தேவன் அடுப்படிக்குப் போய்த் துளசியிடம் காட்டினார். அவளும் கையில் போனை வைத்துக்கொண்டுதான் நின்றாள். "பாரேன், எப்படிப் பேசுறான்."

துளசி படித்துப் பார்த்தாள். "நல்லாத்தானே பேசுறாரு. சேத்துக்க வேண்டியதுதானே?"

"எனக்கு ஆசதான். ரூல் இருக்கே."

"ஆமா, ரூல் இருக்கு," என்றாள் துளசி.

வெளியே வரும்போது அவருடைய தூண்டில் கம்பு இருக்கும் மூலையைப் பார்த்தார். கம்பு இடம் மாறியிருந்தது. அதில் கட்டிய நரம்பும் புதுசு போல இருந்தது. கேட்டதற்குக் கூட்டும்போது நகர்த்தியதாகச் சொன்னாள். தேவன் விட்டுவிட்டார். அதற்குள் இன்னொரு பொறுப்பு வந்துவிட்டது.

இரண்டு பேரால் சமாளிக்க முடியாது, மூன்றாவது அட்மின் வேண்டும் என்றார் ஐயாத்துரை. ஆளும் அவரே பார்த்து வைத்திருந்தார். பெயர் தக்ஷாயினி. தெளிவான முகம். குட்டையின் பெயர் எழுதியிருந்தாள். யார் எதைப் போட்டாலும் 'அருமை அண்ணா' என்று சொல்வாள். பாலர் பள்ளியின் படத்துக்கும் சொன்னாள்.

"பண்பான பிள்ளை," என்றார் ஐயாத்துரை. "பேரைப் பாத்தாலே தெரியுது, நல்ல குடும்பம்."

செவ்வாய்க்கிழமை அவளை அட்மின் ஆக்கினார்கள். புதன்கிழமை குரூப்பில் ஐயாத்துரையைக் காணவில்லை. வியாழக்கிழமை தேவன் குரூப்பைத் திறக்கப் போனார். குரூப்பின் பெயர் 'மூட்டு வலிக்கு முற்றுப்புள்ளி' என்று மாறியிருந்தது. 'நீங்கள் இதில் உறுப்பினர் இல்லை. சேர விருப்பமா?' என்று கேட்டது.

தேவன் குட்டைத் தவுக்கேக்குப் போன் செய்தார். உங்கள் ஆட்கள் யாரும் வருவதாகச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஒரு குரூப் கேட்டது, நாற்பது பேராம், கொடுத்துவிட்டேன் என்றார் தவுக்கே.

"எந்தக் குரூப்பு?"

குரூப்பின் பெயர் 'சும்மா பக்கத்துலதான்'.

பத்துமலை அதற்கு லிங்க் அனுப்பினார். தங்களால் வெளியே போனவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. முனீஸ்வரர், ரோஜாப்பூ, பேரப்பிள்ளை, எல்லாரும். தொடங்கியவர் வேலும் மயிலும். இரண்டே வாரத்தில் இருநூறு பேர். ஒரு ஜெல் விளம்பரம் இல்லை. தேவனுக்கு வெட்கத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. அப்படி என்னதான் கேட்டு ஆள் சேர்க்கிறார்கள்?

முகம் கேட்கவில்லை. குட்டை கேட்கவில்லை. ஒரே கேள்வி: 'பிடித்த மீனை வீட்டில் யார் கழுவுவது?'

ஐயாத்துரை உள்ளது உள்ளபடி 'என் மனைவி சாரதாதேவி' என்று எழுதினார். அஞ்சு நிமிஷத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தேவன் கொஞ்சம் யோசித்தார். புது இடம். நல்லவிதமாகத் தெரிய வேண்டும். 'நானேதான்' என்று எழுதினார்.

மூன்று நாளாகப் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துளசி காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தேவன் ஐயாத்துரையின் காரில் பத்து காஜாவுக்குப் போனார். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். குட்டையைச் சுற்றி ஒரே சத்தம். யாரோ பெரிய தொமானை இழுக்கிறார்கள் போலிருந்தது. நாலு பேர் சுற்றி நின்று கை தட்டினார்கள்.

கேட்டில் பத்துமலை ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நீங்க உள்ள போங்க. மச்சான், நீ பெண்டிங்."

"என்னடா வெளாடுற? முகம் இருக்கு, பேரு இருக்கு, பதிலும் எழுதியிருக்கேன்."

"பதில்தான் பிரச்சன. பொய்யின்னு அட்மினுக்குத் தெரிஞ்சு போச்சு."

"என் வீட்டுல நடக்கிறது அந்தாளுக்கு எப்படிடா தெரியும்?"

பத்துமலை குட்டையின் அந்தப் பக்கம், கை தட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷமா உன் மீனக் கழுவுற நம்ம துளசி தங்கச்சிதானே மச்சான் அந்த அட்மினு."

தேவன் இதுவரை கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறார். பதிலை ஒரே ஒரு தடவை திருத்தி எழுத இடம் உண்டாம். அவர் என்ன எழுதலாம்? தெரிந்தவர்கள் தயவு செய்து கீழே பதில் போடுங்கள்.