எட்டிலிருந்து ஏழுக்கு

"பிழைன்னே போட்டுடு, ஆர்டிஸ்," என்றான் வெர்லின், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

"கீழயே விழாத பந்துக்கு எப்படிப் பிழை போடறது?" ஆர்டிஸ் தலை நிமிரவில்லை.

பேஸ்பால் ஆட்டம் முடிந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை; ஆட்டக் கணக்குப் புத்தகத்தில் ஆர்டிஸ் கடைசிப் பந்தை எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி இன்னிங்ஸில் நாலுக்கு நாலு, ஒரு அவுட், எதிரணி வுல்ஃப் லேக்காரன் ஒருவன் வீட்டுத்தட்டுக்கு ஓடி ரன் எடுக்க மூன்றாம் பேஸில் காத்திருந்தான். அடித்த பந்து வானத்துக்கு ஏறி வெளிமைதானத்தின் நடுவே இறங்கியது. அங்கே நின்றவன் ஆர்டிஸின் கணவன் வெர்லின். நாற்பத்திரண்டு வயது, வைக்கோல் கட்டு தூக்கிக் கெட்டுப்போன தோள், ஆனால் அந்தக் கோடையில் பத்தொன்பது ஆட்டம் பந்தைக் கோட்டைவிட்டதாக அவன் பெயரில் ஒரு பிழையும் இல்லை. இது இருபதாவது. அவர்கள் ஊரான ஹேகன் க்ரீக்கில் யாரும் செய்யாத காரியம்.

பந்து அவன் கையுறையில் பட்டுப் பக்கவாட்டில் தாவியது. அருகிலேயே ஓடிவந்துகொண்டிருந்த அதே அணியின் பால்வண்டிக்காரன் கர்ட் அது கீழே விழுமுன் பிடித்து வீட்டுத்தட்டுக்கு எறிந்தான். நல்ல வீச்சுதான். மூன்றாம் பேஸ்காரன் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான். ஐந்துக்கு நாலு, வுல்ஃப் லேக்குக்கு வெற்றி.

ஆர்டிஸ் சதுரத்தில் 8-7 என்று எழுதினாள். நிற்கும் இடத்தின் எண்படி எட்டு வெர்லின், ஏழு கர்ட். பிடித்து அடித்தவனை அவுட்டாக்கியவன் கர்ட், திசை மாற்றிக் கொடுத்த வெர்லினுக்கு ஒரு 'துணை', அதாவது உதவியதற்கான புள்ளி. அந்த மாவட்டத்தில் பதினாறு வருடமாக அவள் எழுதியதுதான் ஆட்டம். வுல்ஃப் லேக்காரர்களே தங்கள் மைதானத்தில் அவளைத்தான் உட்காரவைப்பார்கள்.

அவர்களில் ஒருவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "கோட்டைவிட்டதுக்குப் பரிசா? வீட்டுக்காரர்னா தனிக் கவனிப்புதான் போல."

ஆர்டிஸ் விதிப்புத்தகத்தைத் திறந்து, திசை திருப்பி அவுட்டுக்கு வழி செய்தவனுக்குத் துணை உண்டு என்ற இடத்தை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

அது சொந்த அணியின் மேலாளர் ஹார்லன் காதில் விழுந்தது. "அப்ப கேட்ச் கர்ட்டோடது. கர்ட் பிடிக்கறதுக்கு முன்னாலயே மூணாம் பேஸ்காரன் பேஸை விட்டுக் கிளம்பிட்டான். அவன் அவுட். ரன் செல்லாது."

ஹேகன் க்ரீக் பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. அம்பயர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "நீங்க என்ன சொல்றீங்க, ஆர்டிஸ்?"

அவள் என்ன சொல்வாள்? புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள். "கேட்ச் வரைக்கும் நிக்க வேண்டியதில்ல. பந்து முதல் கையுறையில பட்டதுமே கிளம்பலாம். வெர்லின்மேல பட்டுது, ஓடறவன் கிளம்பினான். ரன் செல்லும்."

பெஞ்சு உட்கார்ந்தது.

"துணைன்னு சரியாத்தான் எழுதியிருக்கா," என்றான் ஹார்லன். "அவங்களுக்குத் துணை."

வெர்லினின் கழுத்து சிவந்தது. அவனைத் தேற்றுவதாக நினைத்து ஆர்டிஸ் வலையருகே போனாள். "இதுக்கெல்லாம் வருத்தப்படாதே. அந்த விதி யாருக்குத்தான் தெரியாது?"

"எப்பலேருந்து அந்த விதி?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாலேருந்து."

 வெர்லின் கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான்.

வுல்ஃப் லேக்காரர் விடவில்லை. "அடுத்த வரியையும் படிங்களேன், அம்மா. சும்மா மேல பட்டுத் தெறிச்சா துணை கிடையாதாம்."

அந்த வரி இருந்தது. ஆர்டிஸ் அதை இரண்டு முறை படித்தாள். பந்து தானாகத் தெறித்ததா, அவன் கொடுத்ததா என்று தீர்மானிக்கவேண்டியவள் அவள்தான். நாலாயிரம் பந்துகள் எழுதிய பென்சில் முதல்முறையாகச் சந்தேகப்பட்டது. எழுதியது கண்ணா, கல்யாணமா? பதினாறு வருடத்தில் அவள் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. அந்த ஒரு பெருமைதான் அவளுடைய சொத்து. துணையை அழித்தால் அந்த இடத்தில் பிழைதான் வந்து உட்காரும் என்று இரண்டு ஊரும் பேசும். வெர்லினும் அப்படித்தான் நினைப்பான்.

அவள் ரப்பரை எடுத்தாள். எட்டின் மேல் வைத்தாள்.

தண்ணீர்ப் பானையருகே குடித்துக்கொண்டிருந்த கர்ட் குவளையைக் கீழே வைத்தான்.

"அழிச்சிடாதீங்க, அது தெறிக்கல, நான் பிடிக்கற வரைக்கும் மூணாம் பேஸ்காரன் நகர முடியாதுன்னு நம்பி, தன் தோளால எறிய முடியாதுன்னு வெர்லின் வேணும்னேதான் எனக்குத் தட்டிவிட்டார், மே மாசத்துலேருந்து தொழுவத்துக்குப் பின்னால தினமும் பழகினோம், விதியைப் பத்தி உங்களை மட்டும் கேக்கக்கூடாதுன்னார், உங்க புத்தகத்துல ஒரு தடவையாவது உங்களை அசத்தணுமாம்."