பதில் தாமதமானதற்கு ஆறாவது விதியே காரணம்

எம். புதுப்பட்டி,
10.8.2006

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் ஊர்க்காவலன் அவர்களுக்கு, பெத்தணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா என்றும், விருதுநகரில் இப்போது எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது என்றும் அறிய ஆவல். என் மகள் சுப்புலட்சுமியின் படிப்பை நிறுத்தி, ஆவணியில் உங்கள் மகன் முனியராஜுக்கு நிச்சயம் செய்துவிடலாம் என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. எனக்குப் பூரண சம்மதம். பிள்ளைக்கும் சம்மதம்தான். பதில் எழுத இருபது நாள் ஆனதற்கு மட்டும் கோபிக்கக் கூடாது, காரணத்தைச் சொல்கிறேன்.

சுப்புலட்சுமி மதுரையில் தமிழ் எம்.பில். படிப்பது தெரியும். எதை ஆராய்கிறாள் என்பது எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. வருங்காலத்தில் உலகம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடும் என்று கற்பனையாக எழுதுகிற நாவல்கள் இருக்கின்றனவாம். அவற்றைப் பெண்ணின் இடத்தில் இருந்து படித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் தலைப்பாம். வராத காலத்துக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டேன். "வராத காலத்த யாரும் எழுதலப்பா. நடக்கிறதத்தான் தேதிய மாத்தி எழுதுறாக" என்றாள். இதற்கெல்லாம் பட்டம் கொடுக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி, பெண்கள் பகுதிக்கு விதிமுறைகளை அச்சடித்து ஒட்டச் சொல்லி போர்மேனான என்னிடம் ஒப்படைத்தார். கையெழுத்து அழகாக இருக்கும் என்று சுப்புலட்சுமியை எழுதச் சொன்னேன். எழுதி மேசையில் வைத்திருந்தாள். பக்கத்திலேயே, அதே மாதிரிக் கோடு போட்ட தாளில், ஒரு நாவலில் வரும் பாழாய்ப்போன நாட்டின் சட்டங்களையும் குறித்து வைத்திருந்திருக்கிறாள். கம்பெனி வேன் ஆரன் அடிக்கவும் நான் அவசரத்தில் தாளை மாற்றி எடுத்துப் போய்த் திருத்தங்கல் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். அவர்களும் சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுக்க, நாற்பது ரூமிலும் பசை தடவி ஒட்டியாயிற்று. விதிகளைக் கேளுங்கள். பெண்கள் விடியும் முன் வரிசையில் நிற்க வேண்டும், வாசலில் சோதனை முடியாமல் உள்ளே வரக் கூடாது, பெயரால் அல்லாமல் எண்ணால் அழைக்கப்படுவர், வேலை நேரத்தில் பேசவோ பாடவோ கூடாது, வெளியார் விசாரித்தால் இங்கே ஒரு குறையும் இல்லை என்றே சொல்ல வேண்டும். பதினோரு நாள் இது சுவரில் இருந்தது மச்சான். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. புதிதாக வந்த பெண்களுக்கு நானே இரண்டு முறை உரக்க வாசித்துக் காட்டினேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முதலாளி பார்த்துவிட்டு அச்சு எடுப்பாக இருக்கிறது என்றார்.

பன்னிரண்டாம் நாள், திரி சுற்றுகிற ஆவுடைத்தாய் ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "போர்மேன், ஆறாவதாப் போட்டிருக்கீகளே, அத எப்ப இருந்து குடுப்பீக?" என்றாள். அப்போதுதான் ஆறாவதை ஒழுங்காகப் படித்தேன். கர்ப்பிணிகளுக்குத் தினமும் பால் தர வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கட்டாயமாகப் படுக்க வைக்க வேண்டும் என்று இருந்தது. நான் விழிப்பதற்குள் வேப்பமரத்தடியில் முப்பது பேர் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டார்கள். பாதிப் பேருக்குப் பேரன் பேத்தி இருக்கிறது. கேட்டால் ஆவுடைத்தாய், "பிள்ள உண்டாயிருந்தப்ப படுக்காதத இப்பப் படுக்காக" என்கிறாள். இது கதையில் வருகிற கொடுங்கோல் நாடு, அங்கே பெண்களை மாடு மாதிரி பிள்ளை பெறுவதற்கென்றே கட்டிப்போட்டு வளர்க்கிறார்கள், அதனால்தான் இந்தப் பால், படிக்கிறவர்கள் பயப்படுவதற்காக எழுதியது என்று தொண்டை வறளச் சொன்னேன். அவள், "அந்த ஊருக்கு பஸ் எங்கன நிக்கும்?" என்று கேட்டாள்.

முதலாளி வந்து பார்த்து, ஆறாவதன் மேல் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டச் சொன்னார். மற்றவை அப்படியே இருக்கட்டும் என்றார். இதற்கிடையே நான் மேசையில் விட்டுப்போன எங்கள் கம்பெனி விதித்தாள் சுப்புலட்சுமியின் பைலோடு கல்லூரிக்குப் போய், அவளுடைய பேராசிரியை அதன் ஓரத்தில் 'மிகக் கொடூரமான கற்பனை, எந்த நாவல்?' என்று எழுதியனுப்பியிருக்கிறார். நடந்ததைச் சொன்னதும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டை எடுத்து, யார் என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். "நாங்க பயங்கரம்னு படிச்சத அவுக வரம்னு படிச்சிருக்காகப்பா. எங்க உக்காந்து படிக்கோம்னுல்ல பாக்கணும்" என்றாள். எனக்கும் ஆசை வந்து அந்த நாவலை வாங்கிப் படிக்கிறேன். நூற்று நாற்பதாம் பக்கம் வந்திருக்கிறேன். போர்மேன் மாதிரி ஒருவன் வருகிறான், அவன் என்ன ஆவான் என்று தெரியவில்லை.

ஆகவே ஆவணியில் நல்ல நாளாகப் பார்த்து எழுதவும். அக்காவின் பாதங்களுக்கு என் வணக்கம். மாப்பிள்ளை முனியராஜ் எல்லா நலமும் பெற்று வாழ ஆண்டவன் துணை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சினன்
பெத்தணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் ஒரு தடவை படித்தேன். பிள்ளைக்கும் சம்மதம்தான் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் நான் அவளிடம் கேட்கவே இல்லை. எழுந்து போய்க் கேட்டேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "முனியராஜ் அத்தான் நல்லவுகதான். ஆனா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா. படிச்சு முடிக்கணும்" என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "யாரும் கேக்கலையே" என்றாள். கோபம் வரும் என்று சிறிது நேரம் நின்று பார்த்தேன், வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. ஆகவே மேலே சுகம் விசாரித்ததைத் தவிர மற்றதைத் தள்ளிவிடவும், நிச்சயம் வேண்டாம். அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், எனக்குத் தைரியம் இல்லை. முனியராஜிடம் இதுவரை யாராவது கேட்டீர்களா என்றும் எழுதவும்.