எல்லாக் கிளப்புக்கும் ஒரே மெம்பர்

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் படித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற பெருங்குறை ஒரு நாள் மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்து சில வருஷமான சமயம் அது. மின்சாரம் வந்த ஊருக்கு நாகரிகமும் வர வேண்டாமா? "மாணாக்கர் பாடத்தை மாத்திரம் பயின்றால் பொறுப்பு, ஒழுக்கம், தலைமைக் குணம் முதலிய சீலங்கள் எங்ஙனம் உண்டாகும்?" என்று கேட்டுக்கொண்டு ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. சீமையிலே பிள்ளைகள் கிளப் வைத்து நடத்துகிறார்களாம். ஆகவே இங்கேயும் ஹைஸ்கூல் தோறும் கிளப்புகள் நடக்க வேண்டும். நடக்காத பள்ளிக்கூடம் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்ப அருகதை அற்றது என்று கடைசி வரியில் கண்டிருந்தது. சுற்றறிக்கையில் கடைசி வரிதானே வரி! மற்றதெல்லாம் மரியாதை.

தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் என்ற சுரங்கப் பகுதியில் தகரக் கூரை போட்ட ஒரு ஹைஸ்கூல் இருந்தது. அதன் தலைமையாசிரியர் ஆர்தர், மே மாதத்திலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர். மேலிடம் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அன்று சாயங்காலத்துக்குள்ளேயே விவாதக் கிளப், கிரிக்கெட் கிளப், தோட்டக் கிளப், மதுவிலக்குக் கிளப் என்று எழுதி முடித்தார். அதற்குமேல் எழுதிய இரண்டு மூன்றின் பெயர் அவருக்கே வாயில் நுழையவில்லை.

ஒவ்வொரு கிளப்புக்கும் தலைவர், உபதலைவர், காரியதரிசி, துணைக் காரியதரிசி, பொக்கிஷதார், தணிக்கையாளர் என்று ஆறு பதவி. மேல் வகுப்பில் இருந்தது ஏழு பேர். இன்பராஜ், சிரில் முதலான ஆறு பேருடைய அப்பாக்கள் கிளார்க்கு, ஸ்டோர் கீப்பர், உபதேசியார் என்று வெள்ளைச் சட்டை போட்டவர்கள். அந்த ஆறு பேரும் மறுநாள் நேரத்தோடு வந்து பதவிகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு கிளப்பில் தலைவராக இருந்தவன் இன்னொன்றில் பொக்கிஷதார். ஏழாமவன் காத்தவராயன், கூலிக்காரர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் குழாயடி வரிசையில் குடத்தோடு நின்றுவிட்டு ஓடிவந்தான். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.

"சார், எனக்கு?"

"பதவியெல்லாம் ஆயிடுச்சேப்பா. நீ மெம்பரா இருந்துக்கோ."

"எந்தக் கிளப்புல சார்?"

ஆர்தர் யோசித்தார். தலைவர் இருக்கிறார், சரி. யாருக்குத் தலைவர்? அவருக்குச் சுரீர் என்றது. "எல்லாத்துலயும்" என்றார்.

காத்தவராயனுக்குக் கிளப் மேலே ஆசையுமில்லை, பகையுமில்லை. அவனுக்கு வேண்டியது மெட்ரிகுலேஷன். அவன் அப்பா பெயர் சம்பங்கி, சுரங்கத்தில் கல் உடைக்கிறவர். பூமிக்கு அடியில் தூசியைத் தின்றுவிட்டு மேலே வந்து இருமுகிறவர். பரீட்சை தேறினால் மேலே ஆபீசில் வேலை. தேறாவிட்டால் அப்பாவோடு கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்க வேண்டியதுதான். இந்த ஒன்றை அவன் அம்மா கங்கம்மா தினம் சோற்றோடு சேர்த்து அவனுக்குப் போட்டாள். அவனும் அதை மென்று விழுங்கித்தான் வளர்ந்தான்.

கிளப்புகள் ஆரம்பமாயின. விவாதக் கிளப்பில் "அறிவு பெரிதா, செல்வம் பெரிதா" என்பது விஷயம். தலைவர் தலைமை தாங்க வேண்டும், காரியதரிசி குறிப்பெடுக்க வேண்டும், தணிக்கையாளர் குறிப்பைத் தணிக்கை செய்ய வேண்டும். அப்புறம் பேசுவது யார்? மெம்பர்தான். காத்தவராயன் இடது பக்கம் நின்று அறிவே பெரிது என்றான். பிறகு வலது பக்கம் ஓடிப்போய், முன்னால் பேசிய நண்பர் விவரம் தெரியாதவர் என்றான். ஓட்டும் அவன் ஒருவனுக்குத்தான். அன்று காத்தவராயனிடம் காத்தவராயன் தோற்றுப்போனான். தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கைகொடுக்கவில்லை என்று தலைவர் இன்பராஜ் கண்டித்தான்.

கிரிக்கெட் இன்னும் மோசம். பந்தைப் போட்டுவிட்டு, அது போய்ச் சேருவதற்குள் ஓடி மட்டையைப் பிடிக்க வேண்டும். மட்டை கைக்கு வருமுன் குச்சி விழுந்துவிடும். "அவுட்!" என்று உத்தியோகஸ்தர்கள் ஆறு பேரும் நிழலில் உட்கார்ந்தபடி கைதட்டுவார்கள். தோட்டத்தில் அவன் தண்ணீர் ஊற்றினான். அவர்கள் செடியைப் பார்வையிட்டார்கள். பார்வையிட்டுப் பார்வையிட்டே அந்த வெண்டைச்செடி பட்டுப்போயிற்று. புத்தகத்தைத் திறக்க அவனுக்கு மிஞ்சியது சோறு ஆறுகிற நேரம்தான்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டான். மதுவிலக்குக் கிளப்பில்தான் விஷயம் முற்றியது. ஒரு மெம்பரையாவது குடியிலிருந்து மீட்டதாக அறிக்கை அனுப்ப வேண்டும். காரியதரிசி சிரில் மிகவும் கவலைப்பட்டான்.

"காத்தா, நீ குடியை விட்டேன்னு உறுதி சொல்லணும்."

"நான் குடிக்கிறதே இல்லையே."

"அதாம்பா தொந்தரவு. இல்லாதத எப்படி விடுவே? பொய் சொன்னா ஒழுக்கக் கேடு. சாராயக் கடைக்குப் போயி ஒரு மடக்கு குடிச்சிட்டு வந்துடு. உடனே விட்டுடலாம்."

சேதி ஸ்கெலட்டன் லைனுக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தில் தந்திகூடப் போகாது. கங்கம்மா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட மறந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"இன்னா சாரே, படிக்க அனுப்பிச்சா எம்புள்ளைய குடிக்கச் சொல்றீங்களாமே?"

"குடிக்கச் சொல்லலை அம்மா. குடியை விடத்தான் சொன்னோம்."

"அவன் குடிச்சாத்தானே உடுவான்?"

"அதையேதான் நாங்களும் சொல்றோம்" என்றார் ஆர்தர், ஒத்த கருத்து கிடைத்த நிம்மதியோடு.

"இன்னா கிளப்பு அது?"

"மதுவிலக்குக் கிளப்."

தங்கவயலில் கிளப் என்றால் ஒன்றே ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் சாயங்காலம் நடந்து உள்ளே போய், ராத்திரி நாலு பேர் கைத்தாங்கலில் வெளியே வருகிற இடம். கங்கம்மா துடைப்பத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கிளப்புன்னாலே தொரைங்க குடிக்கிற எடம். எந்தங்கச்சி தங்கம்மா அங்கதான் கிளாஸ் கழுவறா, எனக்குத் தெரியாதா? கிளப்பு வெச்சிக்கினு குடிக்கக் கூடாதுன்றீங்க. சோத்துக்கடை வெச்சிட்டு சாப்டாதேன்ற மாதிரி கீது. இத பாருங்க சாரே, அவங்க நைனா கீழ இருமிக்கினு கீறாரு. இவனாவது மேல நிக்கட்டும்னுதான் வயித்தக் கட்டி அனுப்பறேன். எம்புள்ளைய படிக்க உடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

 ஆர்தரும் மனுஷர்தான், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "அப்படியானால் காத்தவராயன் மெம்பர் பதவியை முறைப்படி ராஜிநாமா செய்யட்டும்" என்று பெரிய மனது பண்ணினார்.

ராஜிநாமா கூட்டம் கூடியது. ஏற்கலாமா என்று தலைவர் கேட்க, ஒரே மெம்பரான காத்தவராயன் கையைத் தூக்கினான். ஏகமனதாக நிறைவேறியது. அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டுமுன் தணிக்கையாளர் எழுந்தார்.

"ஓர் ஆட்சேபம். ராஜிநாமா நிறைவேறின உடனே அவர் மெம்பர் இல்லை. மெம்பர் இல்லாதவர் போட்ட ஓட்டு எப்படிச் செல்லும்?"

"செல்லாது" என்றார்கள் ஐவரும்.

"ஓட்டு செல்லாவிட்டால் ராஜிநாமாவும் செல்லாது."

காத்தவராயன் திரும்பிவந்து உட்கார்ந்தான். அவனுக்கு அழுகை வந்தது. கூட்டம் முடியாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று விதி இருந்ததால் உட்கார்ந்தபடியே அழுதான்.

பரீட்சைக்கு இன்னும் சில வாரமே இருக்கையில் இன்ஸ்பெக்டர் வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், ஜரிகைத் தலைப்பாகை. தமிழ் பேசும்போது நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். லைனிலிருந்தும் ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்து ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள். மார்பில் சிவப்பு ரிப்பனோடு ஆறு உத்தியோகஸ்தர்களும் நிற்பதைப் பார்த்து அவர், "பஹள சந்தோஷ! மெம்பர் எல்லி?" என்றார். ஆர்தர் ஒரே விரலால் காட்டினார். கூச்சல் குழப்பம் இல்லாத கிளப் என்று இன்ஸ்பெக்டர் மெச்சிக்கொண்டார்.

"விவாதம் நடக்கட்டும். விஷயம் நானே கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளப் வேணுமா, வேண்டாமா?"

காத்தவராயன் இடது பக்கம் நின்று, வேண்டும் என்று சுற்றறிக்கையை அப்படியே ஒப்பித்தான். வலது பக்கம் போனான்.  ஜன்னலில் அம்மா முகம் தெரிந்தது.

"நான் படிக்க வந்தேங்க. எங்க நைனா இப்போ கீழ இருட்டுல கீறாரு. நான் மேல வரணும்னு அவரு கீழ போறாரு. பந்து போடறவனும் நானே, அடிக்கிறவனும் நானேன்னா, படிக்கிறவன் யாருங்க? எனக்கு எதிரா நானே பேசி நாக்கு வறண்டுபோச்சு. எனக்கு கிளப்பு வேணாங்க. என் புஸ்தகத்த என்கிட்ட குடுத்துடுங்க, அது போதும்."

ஜன்னலில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஓட்டெடுப்பு நடந்தது. கிளப் வேண்டாம் என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆர்தர் கோட்டுக்குள் வியர்த்துப்போனார்.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சபாஷ்! இப்படிப் பேச இந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தது யாரு? கிளப்! கிளப் இல்லாமலிருந்தால் கிளப் வேண்டாம் என்று இவ்வளவு சொகசாக ஒருத்தன் சொல்ல முடியுமா?"

"ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டதே, ஐயா?" என்றார் ஆர்தர்.

"ஆகட்டுமே. தீர்மானத்தை அமல் நடத்த ஒரு கிளப் வேண்டாமா?"

அந்த க்ஷணமே 'கிளப் ஒழிப்புக் கிளப்' உதயமாயிற்று. அது தன் வேலையை முடிக்கும் வரை மற்ற கிளப்புகள் நிறுத்தி வைக்கப்பட்டன. தீர்மானம் கொண்டுவந்தவனே தலைவன். மற்ற ஆறு பேரும் மெம்பர்கள். இன்ஸ்பெக்டர் தம் கையாலேயே இன்பராஜின் ரிப்பனை அவிழ்த்துக் காத்தவராயன் சட்டையில் குத்தினார். கங்கம்மா ஜன்னலில் நின்றபடி கைதட்டினாள். ராத்திரி சோறு வேகுமுன் லைன் முழுக்க, "எம்புள்ள தலைவரு" என்று சொல்லி முடித்தாள். சம்பங்கி மட்டும், "பரீட்சை எப்போ?" என்று கேட்டார்.

இப்போது தோட்டமில்லை, கிரிக்கெட்டில்லை. காத்தவராயன் நிம்மதியாகப் படித்திருக்கலாம். உட்காரத்தான் செய்தான், புத்தகத்தையும் திறந்தான். குனிந்தால் ரிப்பன் தெரிந்தது. கிளப்புக்கு விதி வேண்டாமா? விதி எழுத ஒரு கூட்டம் போட்டான். எழுதிய விதியைத் திருத்த இன்னொரு கூட்டம். பதவி என்பது சொறி மாதிரி, சொறியச் சொறியச் சுகம்.

"காத்தா, போதும்டா, படிக்கணும்" என்றான் இன்பராஜ்.

"தலைவரேன்னு கூப்பிடு."

பரீட்சை பெங்களூரில். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்தாக வேண்டும். மூட்டை முடிச்சோடு எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கூடிய இடத்தில் தலைவர், "ஒரு சின்னக் கூட்டம். பொறுப்போட போவோம்" என்றார். கிளப் ஒழிப்புக் கிளப்பையே ஒழித்துவிடலாம் என்று சிரில் தீர்மானம் கொண்டுவந்தான். அப்போதாவது கூட்டம் தீரும் என்பது அவன் கணக்கு. ஓட்டெடுத்தால் பாதிக்குப் பாதி. காத்தவராயன் தலைவனாக இருப்பதில் எரிச்சல்பட்டவர்கள் ஒரு பக்கம். ஒழிந்தால் பழைய கிளப்புகள் திரும்பி வந்து தாங்களே மெம்பராக வேண்டிவருமோ என்று பயந்தவர்கள் மறு பக்கம்.

"தலைவர் ஓட்டுதான் இனிமே. சீக்கிரம் சொல்லு!" என்றான் இன்பராஜ். தூரத்தில் ரயில் ஒரு முறை கூவியது.

ஒரே ஒரு கை. தூக்கினால் கிளப் ஒழிந்தது, ரயில் கிடைக்கும். அதோடு ரிப்பனும் போய்விடும். காத்தவராயன் கையைப் பாதி தூக்கினான். அப்புறம் அந்தக் கையாலேயே ரிப்பனை நேராக்கிக்கொண்டான்.

"கனமான விஷயம். யோசிச்சுத்தான் சொல்லணும். கூட்டம் முடியாம யாரும் எழுந்திருக்கக் கூடாது."

ரயில் மறுபடியும் கூவியது. அப்புறம் அந்தச் சத்தம் பௌரிங்பேட்டை ஜங்ஷன் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது.

அந்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் பரீட்சை எழுதவில்லை. ஆனால் ஜில்லாவிலேயே மிகச் சிறந்த கிளப் என்று மேலிடத்திலிருந்து ஒரு வெள்ளிக் கோப்பை வந்தது. ஆர்தர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, தினம் கோட்டு நுனியால் துடைத்தார். இன்பராஜை அவன் அப்பா தம் ஆபீசிலேயே சேர்த்துவிட்டார். மற்ற ஐந்து பேருக்கும் அவரவர் அப்பா, மாமா, பாதிரியார் என்று யாரோ ஒருவர் இருந்தார்கள். பரீட்சை எழுதியிருந்தாலும் அங்கேதான் போயிருப்பார்கள்.

காத்தவராயன் ஒரு திங்கட்கிழமை அப்பாவோடு சுரங்கக் கிணறான ஷாப்டுக்குப் போனான். சங்கு ஊதியது. கேஜ் மேலே வந்து நின்றது. ஆட்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். கங்கம்மா பரப்பிவிட்ட 'தலைவரு' என்ற பெயர் சுரங்கம் வரைக்கும் வந்திருந்தது. இரண்டு பேர் ஒதுங்கி இடம் விட்டார்கள். கேஜ் வாசல் ரொம்பத் தாழ்வு. சம்பங்கி முதலில் ஏறி, இருமலை அடக்கிக்கொண்டு, மகனுக்குக் கை நீட்டினார்.

"வாங்க தலைவரே. தலைய குனிஞ்சுக்கினு ஏறுங்க."