மரகதம் கதவைத் திறந்தாளா?

ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் ஒரு வரிகூடக் கிடையாது. அதையும் இரண்டு தடவை, வாய்விட்டு. இப்படித்தான் படிப்பேன் என்று தம்பையா சபதம் எடுத்து முந்நூற்று அறுபத்தெட்டு நாளாகிவிட்டது. நாவலுக்கு முந்நூற்று எண்பத்தாறு பக்கம்.

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர் அவர். படித்தது ஐந்தாம் வகுப்பு. "அவசரமாப் படிக்கிறவன் சோத்தை மெல்லாம முழுங்குறவன்" என்பது அவர் கட்சி.

கதையில், பன்னிரண்டு வருஷம் காணாமல் போன புருஷன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். மரகதம் திறப்பாளா? மிச்சம் பதினெட்டுப் பக்கம். நினைத்தாலே தம்பையாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த மனைவி விசாலாட்சி கூடையை இறக்கினாள்.

"என்னங்க, கொஞ்சம் விறகு பொளந்து குடுங்க."

"பக்கத்துல பாதியில நிக்கிறேன் புள்ள."

"நில்லுங்க, நில்லுங்க. காலையில நீங்க பீலித் தண்ணியில குளிக்கப் போனப்ப கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டேன். அந்த மரகதம் இருக்காளே, அவ கடைசியில..."

"ஐயோ, வாயை மூடு!"

"விறகு?"

தம்பையா கோடாலியை எடுத்தார்.

மறுநாள் தண்ணீர். அதற்கடுத்த நாள் பாத்திரம். முரண்டு பிடித்தால், "அவ கதவுகிட்ட வந்து..." என்று தொடங்குவாள். ஆறு நாளில் விறகு பதினொரு கட்டு, தண்ணீர் முப்பத்திரண்டு குடம். உடைந்த சட்டி இரண்டு. இன்னும் பன்னிரண்டு நாள் உடம்பு தாங்காது.

ஏழாம் நாள், அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும் செய்யக்கூடாததைச் செய்தார். பன்னிரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் விழுங்கினார். நாற்பது நிமிஷம். ஒரு வருஷமாகக் காத்த ருசி, நாக்கில் படாமலே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அழுகை வந்தது. போகட்டும், இனி அவருக்கு விடுதலை.

சாயங்காலம் வாசலிலேயே மறித்து நின்றார்.

"இனி உன் மிரட்டல் செல்லாது! மரகதம் கதவைத் தொறந்தா. அதுக்குள்ள அவன் போயிட்டான். செருப்பு மட்டும் கெடந்துச்சு. போதுமா?"

விசாலாட்சி கூடையைக்கூட இறக்கவில்லை. லயத்து வரிசையில் அடுத்த வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ராசம்மாக்கா! முடிவு கெடச்சிருச்சு! தொறந்தாளாம், ஆளு போயிட்டானாம்!"

"இதுக்கா இந்த மனுசன் நம்மள ஒரு வருஷம் காக்க வச்சாரு?" என்றது ராசம்மாவின் குரல்.

அப்போதுதான் தம்பையாவுக்கு விளங்கியது. அவர் வாய்விட்டுப் படித்த பக்கமெல்லாம், மறுநாள் கொழுந்து நிரையில் பதினான்கு பெண்களுக்குக் கதையாகப் போயிருக்கிறது. அவருடைய ஆமை நடை அவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்ப... கடைசிப் பக்கத்தைப் பாத்தேன்னியே?"

"பாத்தேங்க. படிக்க முடியணுமே? என் கண்ணாடி ஒடஞ்சு நாலு மாசமாச்சு. நீங்க இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரலை போல."